மாமாவின் ஜி.பி.எஸ். செட்டு: வரைபடத் திரையும் வழிகாட்டும் திரையும்

மாசி மாதக் கடைசியில் சோனாங்குப்பத்திலிருந்து என் தாய்மாமா ஒரு மஞ்சள் பையோடு கடலூர் முதுநகரில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். பையில் ஒரு கையடக்க ஜி.பி.எஸ். கருவியும், ஓரம் கிழிந்த ஒரு நோட்டும் இருந்தன. "மாப்ள, இந்தச் செட்டு பொய் சொல்லுது. பார் இருக்குற எடத்துக்குப் போனா வெறும் சேறுதான் கெடக்கு. பாதிக்கு மேல பாயிண்ட்டு போடவே உட மாட்டேங்குது" என்றார். பார் என்பது கடலடியில் பாறை நிறைந்த இடம்; பாயிண்ட் என்பது கருவியில் ஏற்றும் இடக்குறிப்பு.

பழைய கருவி கடலில் விழுந்துவிட்டதால், வேறொரு படகுக்காரரிடமிருந்து இதை அவர் விலைக்கு வாங்கியிருந்தார். நோட்டு மட்டும் அவருடையது. முன்பெல்லாம் கரையிலுள்ள கலங்கரை விளக்கத்தையும் ஒரு தென்னந்தோப்பையும் நேர்க்கோட்டில் கொண்டுவந்து பாரைக் கண்டுபிடிப்பது அவர் வழக்கம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் அந்தத் தோப்பு சாய்ந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் பார்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எழுதி வைக்கத் தொடங்கினார். தூண்டில் தொழிலுக்குப் போகிறவர்களுக்குப் பார்தான் பிழைப்பு. அந்த நோட்டில் இருந்த 47 பாயிண்ட்களும் எங்கள் குடும்பத்தில் வீட்டுப் பத்திரத்துக்குச் சமமானவை. ஆகவே கருவியைத் திறப்பதற்கு முன்பே நோட்டின் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

கருவியில் பெரிய பழுது எதுவும் இல்லை. பென்சில் பேட்டரி இரண்டும் அமரும் இடத்தில், கசிந்த பேட்டரியின் வெள்ளைப் பொடி ஸ்பிரிங்கைப் பிடித்திருந்தது. பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டு அதைக் கரைத்தேன்; பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை அழிரப்பரால் தேய்த்தேன். மூடியின் ரப்பர் வளையத்தில் படிந்திருந்த மணலை எடுத்துவிட்டு மெல்லிய சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். அரை மணி நேர வேலைதான்.

பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வானம் முழுதும் தெரியும் இடத்தில் வைத்துச் செயற்கைக்கோள் திரையைத் திறந்தேன். நெடுநாள் அணைந்து கிடந்த கருவிக்கு இந்த நிலையில் அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுப் பட்டியல் முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். இதற்கிடையில் கருவியை அணைத்து அணைத்துப் போடுவதால் பயன் இல்லை. நான்கு செயற்கைக்கோள்களுக்கான பட்டைகள் நிறைந்ததும் இடம் கிடைத்தது. 20 நிமிடம் கழித்து எட்டுப் பட்டைகள் நின்றன. கைபேசி காட்டிய இடத்தோடு ஒப்பிட்டேன். கைபேசி பாகையைத் தசமத்தில் காட்டும். அந்தத் தசமப் பகுதியை 60-ஆல் பெருக்கினால் நிமிடம் வந்துவிடும். 11.72533 என்றால், 0.72533-ஐ 60-ஆல் பெருக்க 43.520 நிமிடம். இந்தக் கணக்கில் இரண்டு கருவிகளுக்கும் வேறுபாடு 0.003 நிமிடத்துக்குள், அதாவது ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தது. கருவி பொய் சொல்லவில்லை என்பது மாடியிலேயே தெரிந்துவிட்டது.

அப்படியானால் பிழை எங்கே? மாமாவை உட்கார வைத்து, எந்தெந்த பாயிண்ட் ஏறியது, எது ஏறவில்லை என்று நோட்டில் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். 17 ஏறியிருந்தன, 30 ஏறவில்லை. ஏறாதவற்றைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவை எல்லாவற்றிலும் அட்சரேகையிலோ தீர்க்கரேகையிலோ புள்ளிக்குப் பின்னால் வரும் எண் 600 அல்லது அதற்கு மேல் இருந்தது. 41.870 ஏறவில்லை, 43.520 ஏறியது. 60 என்ற எல்லை எதில் வரும்? வினாடியில் வரும்.

கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். முந்தைய உரிமையாளர் இடக்குறிப்பைப் பாகை, நிமிடம், வினாடி என்ற வடிவில் வைத்திருந்தார். மாமாவின் நோட்டோ பாகையும் நிமிடமும், நிமிடத்தின் தசமமும் கொண்ட வடிவில் எழுதப்பட்டது. ஏழாம் பக்கத்தில் இருந்த பாயிண்ட் 11 43.520, 79 56.480. மாமா அதைப் பார்த்து 43 நிமிடம் 52.0 வினாடி என்றும், 56 நிமிடம் 48.0 வினாடி என்றும் ஏற்றிவிட்டார். உண்மையில் 0.520 நிமிடம் என்பது 31.2 வினாடி, 0.480 நிமிடம் என்பது 28.8 வினாடி. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். நம் பகுதியில் தீர்க்கரேகையின் ஒரு நிமிடம் அதைவிடச் சற்றுக் குறைந்து 1,815 மீட்டர் அளவில் வரும். கணக்குப் போட்டால் அந்த பாயிண்ட் வடக்கே 640 மீட்டரும் கிழக்கே 580 மீட்டரும் நகர்ந்து, உண்மையான பாருக்கு 865 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. சேற்றில் கயிறு விட்டதற்குக் காரணம் இதுதான்.

ஏறிய பாயிண்ட்களில் ஒன்று மட்டும் ஏறத்தாழச் சரியாக இருந்தது என்று மாமா சொல்லியிருந்தார். அதை எடுத்துப் பார்த்தேன்: 11 39.040, 79 55.060. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் சிறியதாக இருந்தால் பிழையும் சிறியதாகவே இருக்கும். இங்கே 90 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. இந்த ஒரு பாயிண்ட் சரியாக வந்ததால்தான், ஏற்றும் முறையில் தவறு இல்லை, கருவிதான் கெட்டுவிட்டது என்று அவர் நம்பியிருக்கிறார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. திரையில் அந்த வடிவத்தின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. சிறு கோடு ஒன்றுக்குப் பதில் இரண்டு கோடு இருக்கும், அவ்வளவுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். அமைப்புப் பக்கத்தில் வடிவத்தை மாற்றினால் ஏற்கெனவே ஏற்றிய பாயிண்ட்கள் தாமாகச் சரியாகிவிடா. கருவி தன்னுள் வைத்திருப்பது இடத்தை. எழுத்து வடிவத்தை அல்ல. வடிவத்தை மாற்றியதும் அந்த ஏழாம் பக்கத்து பாயிண்ட் 43.867 என்றும் 56.800 என்றும் தெரிந்தது, அதாவது தவறான அதே இடம் புது எழுத்தில் வந்து நின்றது. எனவே 17 பாயிண்ட்களையும் அழித்துவிட்டு, நோட்டைப் பார்த்து 47-ஐயும் முதலிலிருந்து ஏற்றினோம். மாமா படிக்க, நான் அழுத்தினேன். பிறகு நான் திரையைப் படிக்க, அவர் நோட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். அதோடு நில அடிப்படை என்ற வரியில், ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உலகப் பொது அளவீட்டு முறையான டபிள்யூ.ஜி.எஸ். 84 இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். அது வேறாக இருந்தால் சரியாக ஏற்றிய எண்ணும் வேறு இடத்தைக் காட்டும்.

மறுநாள் துறைமுகத்தில் வரைபடத் திரையைத் திறந்தபோது மாமாவுக்கு மீண்டும் சந்தேகம் வந்தது. நாங்கள் உப்பனாற்றுத் தண்ணீரில் படகுக்குள் உட்கார்ந்திருந்தோம். அம்புக்குறியோ திரையில் தரைமேல் நின்றது. அளவுகோலைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்துக்கு மேல் அளவுகோலின் அடியில் ‘ஓவர்ஜூம்’ என்ற சொல் தோன்றியது. கையில் உள்ள படத்தின் நுணுக்கம் தீர்ந்துவிட்டது, அதற்கு மேல் கருவி அதே கோட்டையே இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது இதன் பொருள். கருவியோடு வரும் அடிப்படைப் படத்தில் நம் கரை சில கோடுகளால் மட்டுமே வரையப்பட்டிருக்கிறது. கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கும் வளைவுகள் அதில் இல்லை. நிற்கும் இடத்தைக் கருவி மீட்டர் கணக்கில் சரியாகக் கணிக்கிறது. கரைக்கோட்டைத்தான் யாரோ தொலைவிலிருந்து தோராயமாக வரைந்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை மாமாவுக்கு விளக்கத்தான் அன்று காலை முழுதும் செலவிட்டேன், அது வீண் போகவில்லை. நுணுக்கமான கடல் வரைபடம் ஏற்றாத கருவியில், கரை ஓரத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துச் சுக்கான் திருப்பவே கூடாது.

அந்தத் திரையில் நம்பத் தக்கவை இரண்டு: நாம் ஏற்றிய பாயிண்ட்களும், படகு வந்த தடமும். முந்தைய உரிமையாளரின் தடங்கள் பின்னிக் கிடந்ததால் அவற்றை முழுதும் அழித்துவிட்டு, தடம் பதியும் இடைவெளியைக் குறைத்து வைத்தேன். வரைபடத்தின் மேற்பக்கம் எப்போதும் வடக்காக இருக்கும்படியும் அமைத்தேன். படகு போகும் திசையே மேலே வரும்படி வைப்பதைப் பலர் விரும்புகிறார்கள். என் எண்ணம் வேறு. அலையில் படகு ஆடும்போதெல்லாம் படம் முழுதும் சுழன்றால், கரை எந்தப் பக்கம் என்ற உணர்வு போய்விடும். வடக்கு மேலே இருந்தால், நம் கடலில் கரை எப்போதும் திரையின் இடப்பக்கம்தான். காற்றையும் விண்மீனையும் பார்த்துத் திசை சொல்லும் மாமாவுக்கு இந்த அமைப்பு உடனே கைவந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை 4 மணிக்கு நானும் படகில் ஏறினேன். முகத்துவாரத்தைத் தாண்டியதும் ஏழாம் பக்கத்து பாயிண்ட்டைத் தேர்ந்தெடுத்துக் ‘கோட்டோ’ (அந்த இடத்துக்கு வழிகாட்டு என்ற கட்டளை) கொடுத்தோம். தூரம் 9 கடல் மைலுக்குச் சற்று மேல். வழிகாட்டும் திரை வந்தது: வட்டமான திசைகாட்டி, நடுவில் முள், கீழே நான்கு கட்டங்கள். அந்தக் கட்டங்களில் தூரம், பாயிண்ட் இருக்கும் திசை, படகு உண்மையில் நகரும் திசை, வேகம் ஆகிய நான்கும் தெரியும்படி முதல் நாளே அமைத்திருந்தேன்.

மாமா அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, முள் காட்டிய பக்கம் நேராக வைத்து ஓட்டினார். பாயிண்ட் இருக்கும் திசை 83 பாகை. படகு நகரும் திசை 75. மாமா வியந்தார். அணியம் சரியாகத்தானே இருக்கிறது? அணியம் சரிதான், ஆனால் பங்குனியை ஒட்டி நம் கடலில் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. முன்னே போகும்போதே அது படகைப் பக்கவாட்டில் வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 8 பாகை என்பது கேட்பதற்குச் சிறிது; ஒவ்வொரு கடல் மைலுக்கும் அது 260 மீட்டர் விலக்கும். விலக விலக முள் சற்றுத் தெற்கே திரும்பும், ஓட்டுகிறவரும் அணியத்தைத் திருப்புவார், மறுபடி விலகும். கடைசியில் பாயிண்ட்டை அடைந்துவிடலாம் என்றாலும், தடம் நேர்க்கோடாக இல்லாமல் வில்லாக வளைந்திருக்கும். மாமாவின் பழைய பழக்கத்தில் தினமும் இப்படித்தான் டீசல் போயிருக்கிறது.

"முள்ள பாக்காத மாமா, கீழ இருக்குற ரெண்டு நம்பரையும் ஒண்ணாக்கு" என்றேன். அவர் அணியத்தை மெல்லத் தெற்கே திருப்பினார். நகரும் திசை 77, 79, 82 என்று ஏறி 83-இல் நின்றது. அப்போது அணியம் ஏறத்தாழ 91 பாகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. படகு கோணலாகப் போவதுபோல் தெரிந்தாலும், வரைபடத் திரைக்கு மாற்றிப் பார்த்தபோது தடம் நூல் பிடித்தாற்போல் பாயிண்ட்டை நோக்கி நீண்டது. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக்கத் தெரிந்துகொண்டால் வழிகாட்டும் திரையின் பெரும்பகுதியைக் கற்றதாகிவிடும் என்றே சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் நீவாடு வடக்கிலிருந்து தெற்கே திரும்பிவிடும். அப்போது அணியத்தை மறுபக்கம் வைக்க வேண்டியிருக்கும், முறை மட்டும் இதுவே.

சாலைபோல வரைந்து காட்டும் இன்னொரு திரையும் கருவியில் உண்டு. நேர்க்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் விலகினோம் என்பதை அது தெளிவாகச் சொல்லும். பகலில் எனக்கு அது தேவைப்படவில்லை. இரவில் களைத்திருக்கும்போது உதவும்.

ஒன்றரை மணி நேரத்தில் தூரம் 0.02 என்று காட்டியது. மாமா எஞ்சினைத் தணித்து, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டார். கயிறு அவர் விரல்களுக்கிடையே வழுக்கி இறங்கியது, திடீரென்று தளர்ந்தது. ஓரடி தூக்கி மறுபடி விட்டார். சேறாக இருந்தால் குண்டு புதைந்து, தூக்கும்போது இழுத்துப் பிடிக்கும். இங்கே அது கல்லில் தட்டி எழும்பியது எனக்குக்கூடக் கயிற்றில் தெரிந்தது. "கல்லுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்தார். அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன்.

எஞ்சின் நின்ற பிறகு திசைகாட்டித் திரையின் முள் தெற்கும் வடக்குமாகச் சுற்றத் தொடங்கியது. இதுவும் பழுது அன்று. இந்த வகைக் கருவியில் காந்த ஊசி இல்லை. ஒரு நொடிக்கு முன் எங்கே இருந்தோம், இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை ஒப்பிட்டுத்தான் அது திசை சொல்கிறது. நகராமல் கிடந்தால் ஓரிரு மீட்டர் கணிப்புப் பிழையையே நகர்வு என்று எடுத்துக்கொண்டு முள் சுழலும். படகு நிற்கும்போது வரைபடத் திரையைப் பார்க்க வேண்டும். ஓடும்போதுதான் முள்ளுக்குப் பொருள் உண்டு.

திரும்பும் வழியில், ஆள் கடலில் விழுந்தால் அழுத்தும் பொத்தானைப் பழகினோம். காலியான ஒரு பிளாஸ்டிக் கேனில் கால்பங்கு தண்ணீர் நிரப்பி வீசிவிட்டு, உடனே மாமாவைப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். கருவி அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, திரும்பும் வழியையும் தானாகக் காட்டத் தொடங்கியது. படகைச் சுற்றிக் கொண்டுவர 2 நிமிடம் ஆனது. குறித்த இடத்தில் கேன் இல்லை. அங்கிருந்து வடக்கே 50 மீட்டர் அளவில் மிதந்துகொண்டிருந்தது. குறி கடலடியோடு நிலையாக நிற்கும். மிதப்பது நீவாட்டோடு போய்க்கொண்டே இருக்கும். அன்றைய நீவாடு எந்தப் பக்கம் என்பதை எண்களைப் பார்த்து முன்பே அறிந்திருந்ததால், குறியை அடைந்ததும் தயங்காமல் வடக்கே தேடினோம். இந்தப் பயிற்சியைப் படகில் போகும் ஒவ்வொருவரும், சுக்கான் பிடிக்காதவர் உட்பட, ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். விழுந்தவர் சுக்கான் பிடித்தவராகவே இருந்தால், பொத்தானை அழுத்த இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குத் திரும்ப மாமா வழக்கமாகக் கரை பாயிண்ட்டுக்கு நேரடியாகக் ‘கோட்டோ’ கொடுப்பார். அந்த நேர்க்கோடு முகத்துவாரத்து மணல்திட்டின் மேல் போகிறதா, கரையைக் குறுக்கே வெட்டுகிறதா என்று கருவிக்குத் தெரியாது. அதனால் மூன்று பாயிண்ட்களைக் கோத்து ஒரு பாதை அமைத்தோம்: முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே ஆழமான இடத்தில் ஒன்று, வாயிலுக்குச் சற்று முன் ஒன்று, உள்ளே அமைதியான தண்ணீரில் ஒன்று. வெளிப் பாயிண்ட்டை அடைந்ததும் கருவி அடுத்ததற்குத் தானாக மாறியது. அங்கிருந்து, காலையில் வெளியே போனபோது பதிந்த தடத்தை வரைபடத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதன் மேலேயே உள்ளே வந்தோம். கடைசி 200 மீட்டரில் நான் திரையைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்க விடவில்லை. அலை எங்கே உடைகிறது என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். மழைக்கால வெள்ளத்துக்குப் பின் இந்த வாயிலின் மணல் இடம் மாறுவது கடலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகையால் உள்ளே வரும் தடத்துக்கு மாதத்தின் பெயரையே வைத்துச் சேமித்தோம். அடுத்த மாதத் தடம் பதிந்ததும் பழையது அழிக்கப்படும்.

மின்சாரத்துக்குப் படகின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டுக் கொடுத்தேன். பென்சில் பேட்டரி உள்ளேயே இருக்கட்டும் என்றும், மாதம் ஒரு முறை அதைத் திறந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும்வரை 47 பாயிண்ட்களில் 11-ஐக் குண்டு விட்டுச் சரிபார்த்தாகிவிட்டது; ஒன்றில் மட்டும் சேறு வந்தது. நோட்டைப் புரட்டினால், அங்கே 3-ஐ 8 என்று நான்தான் தவறாகப் படித்து ஏற்றியிருந்தேன். புதிதாக வாங்கிய கெட்டி அட்டை நோட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் "பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம்" என்று மாமாவின் பேத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். சரிபார்த்த பாயிண்ட்கள் மட்டும் அதில் ஏறுகின்றன.